கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அளப்போம்: அணு அகத்துறிஞ்சல் முறை, புதியவர்களுக்கு

வன்னியில் பல வீடுகளில் கேத்தலின் அடியில் வெள்ளைப் படை படியும், சவர்க்காரம் லேசில் நுரைக்காது. தண்ணீரில் கல்சியமும் மகனீசியமும் கூடினால் இப்படித்தான், இதையே தண்ணீரின் வன்மை என்பார்கள். எவ்வளவு என்று எண்ணாகச் சொல்ல அணு அகத்துறிஞ்சல் கருவி உதவும். 1955இல் இயற்பியலாளர் அலன் வோல்ஷ் வெளியிட்ட யோசனை எளிது: சுவாலைக்குள் தனித்தனியாகும் கல்சிய அணுக்கள் 422.7 நானோமீற்றர் ஒளியை விழுங்கும். அணு கூடக்கூட விழுங்கலும் கூடும்.

தண்ணீர் எடுத்தல். பிழைகளில் பாதி இங்கேதான் புகும், கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. பிளாஸ்ரிக் போத்தலை 10% நைத்திரிக்கமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரால் அலசுங்கள். குழாய்க்கிணறென்றால் சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். பிடித்ததும் பீஎச் 2க்குக் கீழே வரும்வரை நைத்திரிக்கமிலம் விடுங்கள். இல்லாவிட்டால் கல்சியம் போத்தலிலேயே படிந்துவிடும். கிணற்றின் பெயரையும் திகதியையும் அங்கேயே எழுதுங்கள்.

நியமக் கரைசல்கள் (ஒப்பிட்டுப் பார்க்க, கல்சிய அளவு தெரிந்த கரைசல்கள்). லீற்றருக்கு 1000 மி.கி. கல்சியம் உள்ள மூலக் கரைசலில் 10 மி.லீ. எடுத்து 100 மி.லீ. ஆக்குங்கள். அதிலிருந்து 1, 2, 3, 4, 5 மி.லீ. எடுத்து ஒவ்வொன்றையும் 100 மி.லீ. ஆக்கினால், லீற்றருக்கு 1 முதல் 5 மி.கி. வரை வரிசை கிடைக்கும். கல்சியம் சேர்க்காத வெற்றுக் கரைசலொன்றும் வேண்டும்.

கிணற்று நீரை 50 மடங்கு ஐதாக்குங்கள் (2 மி.லீ.யை 100 ஆக்கினால் சரி). பொசுபேற்றும் சிலிக்கேற்றும் கல்சியத்தைப் பிடித்துவைத்து அளவைக் குறைத்துக் காட்டும். அதைத் தடுக்க வெற்றுக் கரைசல் உட்பட எல்லாவற்றிலும் ஒரே அளவு இலந்தனம் (பொசுபேற்றையும் சிலிக்கேற்றையும் தான் பிடித்துக்கொண்டு கல்சியத்தை விடுவிக்கும் உலோகம், உப்புக் கரைசலாக) சேருங்கள். மாதிரிக்கு மட்டும் சேர்த்தால் ஒப்பீடே கெட்டுப்போகும்.

அளவீடு. கருவியிலுள்ள கல்சிய விளக்கை (கல்சியம் விழுங்கும் அதே ஒளியைத் தரும் விளக்கு) கால் மணி நேரம் சூடாகவிடுங்கள். காற்றை முதலில் திறந்து, பிறகு அசற்றிலீனைத் திறந்து பற்றவையுங்கள். அணைக்கும்போது அசற்றிலீனைத்தான் முதலில் மூட வேண்டும். வெற்றுக் கரைசலால் பூச்சியமாக்கி, நியமங்களைச் சுவாலைக்குள் உறிஞ்சவிட்டு, கல்சிய அளவுக்கு எதிரே ஒளி விழுங்கலைக் குறித்து வளையி வரையுங்கள். பிறகே மாதிரி. பத்து மாதிரிக்கு ஒருமுறை ஒரு நியமத்தைத் திரும்ப வையுங்கள், கருவியின் அளவு நகர்ந்திருந்தால் தெரியும்.

ஐதாக்கிய மாதிரி வளையியில் லீற்றருக்கு 3.2 மி.கி. காட்டினால், 3.2 × 50 = லீற்றருக்கு 160 மி.கி. கல்சியம். அதை 2.5ஆல் பெருக்கினால், கல்சியம் காபனேற்றாகக் கணக்கிடும் கல்சிய வன்மை லீற்றருக்கு 400 மி.கி. மகனீசியத்தை வேறு விளக்கால் 285.2 நானோமீற்றரில் அளந்து 4.1ஆல் பெருக்கிச் சேர்த்தால்தான் மொத்த வன்மை.

சிறுநீரக நோய்ப் பயத்தில் கட்மியமும் பார்க்கச் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 3 மைக்ரோகிராம். அவ்வளவு சிறிதைச் சுவாலை காட்டாது, சுவாலைக்குப் பதிலாக மின்சாரத்தால் சூடாகும் கிரபைற்று உலை வேண்டும். புளோரைட்டை இந்தக் கருவியிடம் கேட்கவே வேண்டாம், அதற்கு அயன் தெரிமின்வாய்தான் (ஒரு குறிப்பிட்ட அயனை மட்டும் உணரும் மின்வாய்).