ஒரே நாள், ஒரே விருந்து: வேலூர் பக்கம் 300 பேருக்குக் கடனில்லாமல் கல்யாணம் செய்யும் முறை

நகையைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டால், கல்யாணச் செலவைத் தீர்மானிப்பது இரண்டே எண்கள்தான். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை வேளை சாப்பிடுகிறார்கள். மண்டபத்தின் அளவு, பரிமாறும் ஆட்கள், தண்ணீர் கேன், தாம்பூலப் பை எல்லாம் இவற்றின் பின்னால் வருபவை. பூவிலும் பத்திரிகையிலும் பேரம் பேசி மிச்சம் பிடித்ததை, கூடுதலாகப் போட்ட ஐம்பது இலை தின்றுவிடும்.

நம் வட ஆற்காடு பக்கம் வழக்கம் இப்படி: முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு, ராத்திரி விருந்து, விடியற்காலை முகூர்த்தம், டிபன், மதியம் சாப்பாடு. ராத்திரி 400, காலையில் 200, மதியம் 150 என்று வைத்தாலே 750 இலை. இதையே ஒரு நாள் கல்யாணமாக்கி, வீட்டார் 60 பேருக்குக் காலை டிபன், வருகிற 300 பேருக்கும் மதிய விருந்து என்று மாற்றினால் 360 இலை. வந்தவர் யாரும் பசியோடு திரும்பப் போவதில்லை. செலவு மட்டும் ஏறக்குறைய பாதியாகும். கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த 300 பேர் கணக்குக்கானவை.

படி 1: ஆள் கணக்கு

எத்தனை பத்திரிகை அடிப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு நோட்டில் மூன்று பட்டியல் போடுங்கள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் பொதுவான சொந்தக்காரர்கள் இரண்டு தடவை எண்ணப்படுவார்கள்.

முதல் பட்டியல், குடும்பத்தோடு கட்டாயம் வருகிற நெருங்கிய உறவு. 40 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் 160. அதில் 145 பேர் வருவார்கள். இரண்டாவது, அக்கம்பக்கம், வேலை செய்யும் இடம், நண்பர்கள். 60 பத்திரிகை வைத்தால் சுமார் 35 வீட்டில் இருந்து, வீட்டுக்கு இருவராக 70 பேர். மூன்றாவது, பத்திரிகை வைக்காவிட்டால் வருத்தப்படுவார்களே என்று வைப்பது. 100 வைத்தால் 30 வீடு, 60 பேர். மொத்தம் 275. மேளக்காரர், போட்டோகிராபர், வேன் டிரைவர், பாத்திரம் தேய்க்கிறவர்கள் என்று ஒரு 20 பேர் உண்டு. இவர்களை மறந்துவிடுவதால்தான் கடைசிப் பந்தியில் சாம்பார் தட்டுகிறது. ஆக 295; 300 என்று வையுங்கள்.

குறைக்க வேண்டுமென்றால் மூன்றாவது பட்டியலில் குறையுங்கள். நெருங்கிய உறவில் ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த மனத்தாங்கல் பத்து வருஷத்துக்குப் போகும்.

படி 2: நாளும் நேரமும்

ஒரு நாள் கல்யாணத்துக்கு 9 முதல் 10.30 வரையுள்ள முகூர்த்தம் மிகப் பொருத்தம். ஆம்பூர், குடியாத்தம், ஆரணியில் இருந்து வருகிறவர்கள் காலையில் பஸ் பிடித்து வந்து, தாலி கட்டுவதைப் பார்த்து, விருந்து சாப்பிட்டு, பொழுதோடு வீடு திரும்பலாம். யாருக்கும் ராத்திரி தங்க இடம் போட வேண்டாம். சனிக்கிழமை இந்த நேரம் ராகுகாலம், செவ்வாயில் எமகண்டம். மற்ற ஐந்து நாளிலும் இந்த இரண்டும் குறுக்கே வராது. ஜோசியரிடம் போகும்போது "நல்ல நாள் சொல்லுங்க" என்று மட்டும் கேட்காமல், "9 மணிக்கு மேல் வருகிற முகூர்த்தமாக மூன்று தேதி கொடுங்க" என்று கேளுங்கள். கையில் மூன்று தேதி இருந்தால் மண்டபத்திலும் சமையல் மாஸ்டரிடமும் பேரம் பேச முடியும்.

தை, ஆவணியின் பெரிய முகூர்த்த நாட்களில் வாடகையும் பூவும் உச்சத்தில் இருக்கும். அன்று ஒரே ஆளுக்கு மூன்று கல்யாணம் இருக்கும். ஒரு இடத்தில் மொய் வைத்துவிட்டு இன்னொரு இடத்தில் சாப்பிடுவார். வாடகை கூடுகிறது, இலை வீணாகிறது. சித்திரை, வைகாசி வெயிலில் ஏசி இல்லாத மண்டபம் எடுப்பதும் நல்லதல்ல. வேலூர் வெயிலில் பட்டுப்புடவையோடு ஹோமத்தின் முன்னால் உட்காரப்போகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

படி 3: மண்டபம்

முகூர்த்தத்தைக் கோயிலில் முடித்துவிட்டு, விருந்துக்கு மட்டும் சின்ன ஹால் எடுப்பது நம் பக்கம் நன்றாகவே நடக்கிற முறை. இரத்தினகிரி, வள்ளிமலை என்று முருகன் கோயில்களுக்கு இங்கே குறைவில்லை. கோயில் அலுவலகத்தில் பெரும்பாலும் இருவரின் வயதுச் சான்று, ஆதார், போட்டோ, பத்திரிகை, முதல் திருமணம் என்பதற்கான சான்று கேட்பார்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே போய் விசாரியுங்கள். அய்யரே வேண்டாம் என்று நினைக்கிற வீட்டாருக்குச் சுயமரியாதைத் திருமணம் உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் போட்டுக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ அது முழுச் சட்டத் தகுதியுள்ள திருமணம்.

மண்டபம்தான் என்றால், வாய்வார்த்தையாகச் சொல்லும் வாடகையை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாடகையோடு சேர்ந்து வருகிறவை: 18 சதவீதம் ஜிஎஸ்டி, மீட்டர்படி கரண்ட், மணிக்கணக்கில் ஜெனரேட்டர் டீசல், சுத்தம் செய்யும் கூலி, குப்பை அகற்றும் கூலி, ஏசிக்குத் தனி, சில இடங்களில் பாத்திரத்துக்கும் நாற்காலி உறைக்கும் தனி. இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். சாவி வாங்கும்போது கரண்ட் மீட்டரையும் ஜெனரேட்டர் மணிக்காட்டியையும் செல்போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு படம். இந்த இரண்டு படம் இருந்தால் கடைசி நேரத் தகராறு பாதிக்கு மேல் இருக்காது.

மேடை அழகைவிடச் சாப்பாட்டுக் கூடத்தின் அளவைப் பாருங்கள். 100 பேர் உட்காரும் கூடமானால் மூன்று பந்தி. இலை எடுத்து மேசை துடைப்பதையும் சேர்த்து ஒரு பந்திக்கு 40 நிமிஷம். 11.30க்குத் தொடங்கினால் 1.30க்கு முடியும். 50 பேர் கூடமானால் ஆறு பந்தி. கடைசிப் பந்திக்காரர் சாப்பிட உட்காரும்போதே மணி மூன்றாகிவிடும்.

படி 4: சமையல்

இங்கேதான் பணம் சத்தமில்லாமல் போகிறது. நிதானமாகப் படியுங்கள்.

இரண்டு வழி உண்டு. இலைக் கணக்கில் கான்ட்ராக்ட் விடலாம். அல்லது மளிகை, காய்கறியை நாமே வாங்கிக்கொடுத்து மாஸ்டருக்கும் ஆட்களுக்கும் கூலி மட்டும் தரலாம். வீட்டில் பொறுப்பான ஒருவர் இரண்டு நாள் முழுதாக ஒதுக்க முடிந்தால் இரண்டாவது வழிதான் மலிவு. முடியாதென்றால் கான்ட்ராக்டே மேல். கான்ட்ராக்டில் குறைந்தபட்ச இலை எத்தனை என்று எழுதி வாங்குங்கள். 300 எதிர்பார்த்தால் 260க்கு உறுதி கொடுங்கள், அதற்கு மேல் போடுகிற இலைக்குத் தனிக் கணக்கு. இலைக் கட்டை எண்ணி வாங்கி, மீந்ததை எண்ணிக் கழிக்க நம் வீட்டு ஆள் ஒருவர் கூடத்திலேயே நிற்கட்டும்.

மளிகை நாமே வாங்கினால், மாஸ்டர் எழுதித்தரும் லிஸ்ட்டை அப்படியே கடையில் நீட்டாதீர்கள். தட்டிவிடக் கூடாதே என்ற பயத்தில் எல்லாவற்றையும் கூட்டித்தான் எழுதுவார்கள். 300 பேருக்கான இலைச் சாப்பாட்டுக்கு இந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சாப்பாட்டு அரிசி 33 கிலோ. துவரம்பருப்பு, சாம்பாருக்கும் பருப்புக்கும் சேர்த்து 10 கிலோ. வடைக்கு உளுந்து 7 கிலோ; ஒரு கிலோவுக்கு 45 முதல் 50 வடை வரும். பொரியலுக்கு 20 கிலோ காய், கூட்டுக்கு 15, சாம்பாருக்கு 15. தயிர் 25 லிட்டர். பாயசத்துக்குப் பால் 24 லிட்டர், சேமியா இரண்டரை கிலோ, சர்க்கரை 5 கிலோ. எண்ணெய் 15 லிட்டர். அப்பளம் 400, இலை 330. கூடத்துக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் 12.

அரிசிக்கு ஆரணி பக்கத்து ஆலையில் மூட்டையாக எடுத்தால் கடை விலையைவிடக் குறையும். மற்ற சாமானுக்கு நேதாஜி மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் கடையாகப் பார்த்து, பிரிக்காத பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். நெய், முந்திரி, எண்ணெய் மூன்றும் பெரிய பாக்கெட்டாக வேண்டாம். அரைக் கிலோ, ஒரு லிட்டராக வாங்கினால்தான் மீந்தது பிரிக்காமல் திரும்பும். ஸ்டோர் ரூம் சாவி ஒரே ஆளிடம் இருக்கட்டும். கணக்குப் பிசகாத அத்தையோ சித்தப்பாவோ ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார்.

ஐட்டம் கூடினால் விருந்து சிறக்காது, இலையில் மீதம்தான் கூடும். இரண்டு இனிப்பு, மூன்று கலந்த சாதம், ஐஸ்கிரீம், பீடா என்று அடுக்கினால் பாதி இலையோடு மடிகிறது. ஒரு பொரியல், ஒரு கூட்டு, வடை, பாயசம், சாம்பார், ரசம், தயிர் போதும். கத்தரிக்காய் போடுவதாக இருந்தால் இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடைக்கிறதா பாருங்கள். 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்க் காய் அது. வெளியூர் சம்பந்தி வீட்டாருக்கு அந்த ஒன்றே பேச்சாகிவிடும்.

சாதம் வடிப்பதில்தான் பெரிய மிச்சம். 33 கிலோவையும் காலையிலேயே வடித்துக் குவித்துவிட்டால், அடியில் இருப்பது வியர்த்துக் குழையும், மீந்தால் எதற்கும் உதவாது. 11 கிலோ வீதம் மூன்று ஈடாக வடிக்கச் சொல்லுங்கள். முதல் ஈடு 11 மணிக்கு இறங்கட்டும். முதல் பந்தி உட்கார்ந்ததும் இரண்டாவது ஈடு. மூன்றாவதற்குத் தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கட்டும். இரண்டாவது பந்தியில் எத்தனை பேர் எழுந்தார்கள், வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகு எவ்வளவு அரிசி போடுவது என்று சொல்லுங்கள். உலையில் போடாத அரிசி வீட்டுக்கு வரும். சாம்பாரையும் கூட்டையும் இறக்கிய சூட்டோடு இறுக மூடக் கூடாது, வெயில் நாளில் மதியத்துக்குள் புளித்துவிடும். தேங்காய் அரைத்து விட்ட எதையும் விடியற்காலையில் செய்து வைக்காதீர்கள்.

பிரியாணி விருந்து என்றால் கணக்கு வேறு. ஆம்பூர் முறையில் சீரக சம்பா ஒரு கிலோவுக்குக் கறி ஒரு கிலோ; இது 9 முதல் 10 பேருக்கு வரும். 300 பேருக்கு 32 கிலோ அரிசி, 32 கிலோ கறி. ஒரே பெரிய தேக்சாவில் எல்லாவற்றையும் போட்டால் அடி பிடிக்கும், மேலே வேகாது. 8 கிலோ வீதம் நான்கு தேக்சாவாகத் தம் போட வேண்டும். அரிசி 20 நிமிஷத்துக்கு மேல் ஊறினால் உடையும். மட்டனுக்குப் பதில் சிக்கன் போட்டாலே செலவு வெகுவாக இறங்கும். கத்தரிக்காய்த் தொக்கும் தயிர்ப் பச்சடியும் இருந்தால் தொட்டுக்கொள்ள வேறெதுவும் தேவையில்லை.

தண்ணீருக்குச் சின்ன பாட்டில் வேண்டாம். 20 லிட்டர் கேன் ஒன்றில் 80 கால் லிட்டர் பாட்டில் அளவுத் தண்ணீர் இருக்கிறது. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும். பிளாஸ்டிக் கப், இலைக்கு அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை.

படி 5: பட்டும் நகையும்

முகூர்த்தப் புடவை ஒன்று நல்லதாக இருக்கட்டும். ஆரணிப் பட்டு கனம் குறைவு, காஞ்சிபுரத்தைவிட விலையும் குறைவு; கட்டியவருக்கும் சுகம். சில்க் மார்க் முத்திரை பார்த்து வாங்குங்கள். ஜாக்கெட்டுக்கு ஆரி ஒர்க் கூலி புடவை விலையையே தொடும், கவனம்.

நகையில் விலையைக் கேட்கும் முன்பே சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ஒரு பவுன் 8 கிராம். சேதாரம் 18 சதவீதமானால் 1.44 கிராமுக்குக் காசு கூடுதலாகப் போகிறது. 8 சதவீதமானால் 0.64 கிராம். 5 பவுனுக்கு இந்த வித்தியாசம் மட்டும் 4 கிராம், அதாவது அரைப் பவுன். கல் பதித்த நகையில் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். 916 முத்திரையோடு ஆறு எழுத்து எண் கொண்ட எச்யுஐடி குறியும் இருக்க வேண்டும்; அதை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் உண்மை தெரிந்துவிடும். பவுனை உயர்த்திக் கேட்டு ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்கும் சம்பந்தத்துக்கு, எத்தனை சிக்கனம் செய்தும் ஈடு கட்ட முடியாது. அதை நிச்சயத்துக்கு முன்பே முகம் பார்த்துப் பேசிவிடுங்கள்.

படி 6: மற்றவை

பத்திரிகை 200 போதும். மூன்றாம் பட்டியலில் நேரில் போய்க் கொடுக்க முடியாதவர்களுக்கு வாட்ஸ்அப்பும் ஒரு போனும். மேடைக்குச் சாமந்தி, வாடாமல்லி. மல்லி தலைக்கு மட்டும். போட்டோவில் ஒரு ஆல்பம், எடுத்த படம் முழுவதும் பென்டிரைவில். அவ்வளவே.

படி 7: பணம்

மொய் வரும் என்று நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள். மொய் நோட்டில் எழுதப்படுவது ஒவ்வொன்றும் நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். கையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள், கடைசி இரண்டு நாளில் அது தானாகத் தேவைப்படும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர் வீட்டில் இருந்தால் திருமண உதவித்தொகை உண்டு. விதவைத் தாயின் மகளுக்கும், பெற்றோர் இல்லாத பெண்ணுக்கும், கலப்புத் திருமணத்துக்கும் அரசின் உதவித் திட்டங்கள் தனித்தனியே இருக்கின்றன. சிலவற்றுக்குத் திருமணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், தேதி குறித்த வாரமே இ-சேவை மையத்தில் கேட்டுவிடுங்கள்.

படி 8: பதிவு

2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். கோயில் ரசீது பதிவுச் சான்று ஆகாது. பத்திரிகையில் மூன்று பிரதியைத் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் திருமணம் செய்துவைத்தவரின் கையெழுத்தும் வேண்டும் என்பதால், படிவத்தை முன்பே நிரப்பி முகூர்த்தத்தன்று கையோடு கொண்டுபோய், அய்யர் தட்சணை வாங்கும்போதே கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அவர் சோளிங்கர் போய்விட்டால், பிறகு தேடிப் பிடிப்பது பெரும் வேலை.