மதுரையிலிருந்து இலங்கை போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். பாஸ்போர்ட் கட்டாயம். இடிஏ என்னும் பயண அனுமதி விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் முன் இலங்கை அரசின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள், புரோக்கர் சொல்வதை நம்ப வேண்டாம்.

எந்த மாதம் போவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அங்கே இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை கொழும்பு, காலி (Galle) நகரங்கள் பக்கம் நனையும், அப்போது திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அப்படியே தலைகீழ். ஆகஸ்ட் வாக்கில் போனால் யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசாமி கோயில் திருவிழாவைப் பார்க்காமல் வராதீர்கள், 25 நாள் நடக்கும், ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதிகள் எங்கும் தமிழிலேயே பேசலாம். கண்டியில் புத்தரின் பல் வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கவே கூடாது, அதை அங்கே பெரிய அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், பௌர்ணமிதோறும் போயா விடுமுறை, வங்கி வேலையை முந்தின நாளே முடித்துக்கொள்ளுங்கள்.