முறுக்கைப் பிரிக்காதீர்கள்: தோட்டத்துக்கு லேன் கேபிள் இழுக்கும் முறை

அம்பாசமுத்திரம் அருகே எங்கள் வாழைத்தோட்டத்து மோட்டார் அறையில் கேமரா பொருத்தினேன். வீட்டிலிருந்து 70 மீட்டர் லேன் கேபிள், அதாவது இன்டர்நெட் கம்பி, இழுத்தேன். கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. படமோ நின்று நின்று வந்தது, மோட்டாரைப் போட்டால் அதுவும் இல்லை. கடைக்காரரைத் திட்டினேன். தப்பு என் கையில்தான் இருந்தது.

படி 1: கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்
பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளேயும் செம்பு நிறம் இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப்பூச்சு அலுமினியம். மின்தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. கேட்5இ வகை லேன் கேபிளில் கம்பி பொதுவாக 24 கேஜ் (தடிமன் எண்), அதாவது 0.51 மி.மீ.; கேட்6 வகையில் பெரும்பாலும் 23 கேஜ், 0.57 மி.மீ. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும், தூரம் போகப் போக சிக்னல் தேயும். செம்பே ஆனாலும் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

படி 2: ஒரு சாண் உறித்துப் பாருங்கள்
உள்ளே இரண்டிரண்டாக முறுக்கிய கம்பிகள், நான்கு ஜோடிகள். ஒவ்வொன்றிலும் எத்தனை முறுக்கு என்று எண்ணுங்கள். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. பக்கத்து ஜோடியின் சிக்னல் இதில் ஏறாமலிருக்கத்தான் அப்படி. கயிற்றுக்குப் புரி ஏற்றுவது பலத்துக்கு. இங்கே இரைச்சலை, அதாவது சிக்னலில் கலக்கும் வேண்டாத மின்குறுக்கீட்டை, ஒழிக்க. ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சிக்னல் நேரெதிராகப் போகிறது. வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்தால், மறுமுனை வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் கழிந்துவிடும். சமமாக விழ வேண்டுமானால் இரு கம்பிகளும் மாறி மாறி இடம் பெயர வேண்டும், அதற்குத்தான் முறுக்கு. தொலைபேசிக் கம்பிக்காக கிரஹாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

படி 3: வழி
மோட்டார் லைனோடு ஒரே பைப்பில் விடாதீர்கள். ஒரு முழம் தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

படி 4: கனெக்டர்
கேபிள் முனையில் மாட்டும் பிளக்தான் கனெக்டர். நான் கோட்டைவிட்ட இடம் இது. முறுக்கை 13 மி.மீ.க்கு மேல் பிரிக்கக் கூடாது. வசதிக்காக நான் இரண்டு அங்குலம் பிரித்துவிட்டேன். போதாததற்கு ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கினேன். சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி பிரிந்து நிற்பது தவறுபோலத் தெரியும். ஆனால் கனெக்டரின் 3-ம் இடமும் 6-ம் இடமும் சேர்ந்துதான் ஒரு சிக்னல். என் வரிசையில் அந்த இரண்டும் வெவ்வேறு முறுக்கிலிருந்து வந்தன, முறுக்கியும் பயனில்லை.

படி 5: சோதனை
சாதாரண டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். ஒரு சிக்னலின் இரு கம்பிகளும் ஒரே முறுக்கிலிருந்து வந்தனவா என்பதை அது அறியாது. மோட்டாரை ஓடவிட்டு, லேப்டாப்பில் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.

இரு முனையிலும் ஒரு மீட்டர் மிச்சம் விடுங்கள். வீணான கனெக்டரை ஒவ்வொரு முறையும் வெட்டித்தான் எறிய வேண்டும். எனக்குக் கடைசியில் ஒரு சாண்தான் மிஞ்சியது.