மலையேற்றத்துக்கு அடுப்பும் பாத்திரமும்: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

மலையேற்றத்துக்கு அடுப்பு வாங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை கிராம்?" என்றுதான். 25 கிராம் அடுப்பு உள்ளங்கைக்குள் மடங்கி நிற்பதைப் பார்த்தவுடன் மனம் விழுந்துவிடும். ஆனால் முதுகில் ஏறப்போவது கேஸ், அதை அடைத்த கேனின் தகரம், பாத்திரம், மூடி, சமைக்கும் பொருள் எல்லாம் சேர்ந்த எடை. என்ன சமைக்கப் போகிறோம், எத்தனை பேருக்கு, எந்த உயரத்தில், எந்த மாதத்தில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து பாத்திரம், பாத்திரத்திலிருந்து எரிபொருள், கடைசியாகத்தான் அடுப்பு.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். தமிழ்நாட்டுக் காடுகளுக்காக இதை வாங்க நினைத்தால் வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். நம் காடுகளில் நெருப்பு மூட்டக் கூடாது, அடுப்பும் அதில் அடக்கம். இங்கே சொல்வதெல்லாம் இமாசலம், உத்தராகண்ட், லடாக் பக்கம் சொந்தமாகச் சமைத்துக்கொண்டு நடக்கிறவர்களுக்கு. அங்கேயும் அந்தந்த வனத்துறை எந்த இடத்தில் அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுச் சமையலை மலைக்குத் தூக்கிப் போவது

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை 1 டிகிரி செல்சியஸ் குறையும். மணாலிக்கு மேலே உள்ள ஹம்ப்டா கணவாயின் உயரம் 4,270 மீட்டர். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியை ஒட்டியே தளதளவென்று கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, நீர்தான் ஆவியாகி வற்றும். துவரம் பருப்பு அங்கே குக்கர் இல்லாமல் குழையாது. அரிசி வேகும், ஆனால் நேரம் பிடிக்கும்.

அந்த நேரத்துக்கு விலை கேஸ். ஒரு சாதாரண கேன் அடுப்பு முழுத்தீயில் நிமிடத்துக்கு 3 கிராம் போல எரிக்கும். சிறுதீயில் 1 கிராம் என்று வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க, காற்றில்லாத இடத்தில், 15 கிராம் போதும். அதே அடுப்பில் சோறு வடிக்க உட்கார்ந்தால், கொதி வர 10, 12 கிராமும் அதன்பின் அரைமணி நேரச் சிறுதீக்கு 30 கிராமும் போகும். ஒரு வேளைச் சோற்றுக்கு 40 கிராம். தண்ணீர் மட்டும் கொதிக்கவைத்துச் சாப்பிடும் இருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் அதே 40 கிராம் போதும்.

நம்மிடம் இதற்குத் தோதான உணவு ஏராளம். தட்டை அவலுக்கு வெந்நீர் ஊற்றி மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் தயார். மேலே புளியோதரைப் பொடியும் வறுத்த வேர்க்கடலையும் போதும். நன்றாக வறுத்த ரவை, வறுத்த சேமியா, சத்துமாவு எல்லாம் கொதித்த நீரில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சோறுதான் வேண்டும் என்றால் வீட்டிலேயே வேகவைத்து நன்றாகக் காயவைத்து எடுத்துப் போகலாம், அல்லது அரிசியை முகாமுக்கு வந்தவுடன் ஊறப்போட்டு ஒரு மணி நேரம் கழித்து அடுப்பில் ஏற்றலாம். இதை முடிவு செய்யாமல் அடுப்பு வாங்கினால், வெந்நீருக்கென்றே செய்த சீறும் அடுப்பில் உப்புமா கிண்டப் போராடுவீர்கள்.

பாத்திரம்: டைட்டானியம் மயக்கம்

எடையில் டைட்டானியத்தை மிஞ்ச முடியாது. 750 மி.லி. பாத்திரம் 100 கிராம் சுற்றி வரும். வெந்நீருக்கு அருமையானது. ஆனால் அலுமினியம் சூட்டைக் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குகூட டைட்டானியம் கடத்தாது, தகடும் அரை மி.மீ. தடிமன்தான். பர்னர் தீ படும் இடம் மட்டும் பழுக்கும், பக்கத்தில் இரண்டு விரல் தள்ளிச் சூடு குறைவாகவே இருக்கும். ரவை உப்புமா கிண்டிப் பார்த்தால் புரியும்: ஓரத்தில் ரவை இன்னும் நீரில் மிதக்கும், நடுவில் பர்னர் அளவுக்கே ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாகக் கருகிப் பிடித்திருக்கும். அந்தக் கரியைச் சுரண்ட மலையில் குளிர்ந்த நீர்தான் கிடைக்கும். சமைக்கிற பழக்கம் உள்ளவர்கள் கடின அனோடைஸ் செய்த, அதாவது மேற்பரப்பைக் கெட்டியாக்கிய அலுமினியம் வாங்குவது நல்லது. 30, 40 கிராம் கூடும், சாப்பாடு கருகாது.

அளவில் செய்யும் தவறு, கொள்ளளவை அப்படியே நம்புவது. 750 மி.லி. என்று எழுதியிருந்தால் விளிம்பு வரை 750. பொங்காமல் கொதிக்க மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்பலாம், அதாவது 500 மி.லி. ஒருவருக்கு 750 முதல் 900, இருவருக்கு 1.3 முதல் 1.5 லிட்டர் சரியாக இருக்கும். உயரமாக ஒடுங்கிய குவளையைவிட அகலமான பாத்திரம் மேல், தீ பக்கவாட்டில் நழுவி வீணாவது குறையும். உள்ளே கேன் அடங்குமா என்றும் பாருங்கள். 100 கிராம் கேனின் விட்டம் 9 செ.மீ., 230 கிராம் கேனுக்கு 11 செ.மீ. பாத்திரத்துக்குள் கேன், கேனின் மேல் மடித்த அடுப்பு, ஒரு துணி என்று அடங்கினால் பையில் இடம் மிச்சம்.

மூடி இல்லாமல் வாங்கவே வேண்டாம். இரட்டைச் சுவர் குவளையைத் தீயில் வைக்கக் கூடாது, இரு சுவர்களுக்கு நடுவே அடைபட்ட காற்று விரிந்து வெடிக்கும். அது குடிக்க மட்டும்.

கேன்: திருகும் வகையா, நீள வகையா

மலையேற்ற அடுப்புகள் பெரும்பாலும் திருகு மரை உள்ள, குட்டையான, குமிழ் வடிவக் கேனுக்கானவை. இணையத்தில் மலிவாகக் கிடைப்பதோ கொசு ஸ்ப்ரே டப்பா போல நீளமான கேன். மேசை அடுப்புகளுக்கானது, மரை கிடையாது. இரண்டுக்கும் நடுவே மாட்டும் அடாப்டர் விற்கிறார்கள். இன்னொரு இணைப்பு என்றால் கசிய இன்னோர் இடம் என்று பொருள்.

அதைவிடப் பெரிய வேறுபாடு உள்ளே இருக்கும் வாயு. நீளக் கேனில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன். பியூட்டேன் கடல்மட்டத்தில் கொதிப்பது மைனஸ் 0.5 டிகிரியில். அந்தக் குளிருக்கு வந்துவிட்டால் திரவம் வாயுவாகாது, அடுப்பைத் திறந்தால் ஒன்றும் வராது. ஐசோபியூட்டேனுக்கு அந்த எல்லை மைனஸ் 12 டிகிரியை ஒட்டி, புரொப்பேனுக்கு மைனஸ் 42. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் இந்த எல்லைகள் கொஞ்சம் கீழே இறங்கும், ஆனால் எரியும்போதே கேன் தன்னைத்தானே குளிரவைத்துக்கொள்கிறது. அந்தச் சலுகை அதில் கரைந்துபோகும். உத்தராகண்டின் கேதார்கண்டா சிகரத்துக்கு டிசம்பரில் போகிறவர்கள் லேபிளில் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்க வேண்டும். அப்போதும் புரொப்பேன் முன்னால் தீர்ந்துவிடுவதால் கடைசி மூன்றில் ஒரு பங்கு தீ சோர்ந்துதான் எரியும். இரவில் கேனைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் தேநீர் கிடைக்கும்.

காலியான கேனில் வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் இறக்கித் தரும் வேலையும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எந்தக் கலவை, எவ்வளவு இறங்கியது என்று கண்ணுக்குத் தெரியாது. திரவம் விரிய மேலே இடமில்லாமல் நிரம்பிய கேன் வெயிலில் கிடந்தால் வெடிகுண்டு.

சென்னையில் வாங்கி எடுத்துப் போகலாம் என்பதும் தவறான திட்டம். விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, கேஸ் கேனுக்கு அனுமதியில்லை. ரயிலில் கொண்டுபோவது ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்கீழ் குற்றம், 3 ஆண்டு வரை சிறை உண்டு. மணாலி, லே, டேராடூன் கடைகளில் வாங்கிக்கொள்ளுங்கள். திருகு வகைக் கேன் இருப்பு உண்டா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்பினால் நிம்மதி.

அடுப்பு

இப்போது அந்த 25 கிராம் அடுப்புக்கு வருவோம். அதன் தாங்கிகள் குட்டையானவை, மெல்லியவை. ஒன்றரை லிட்டர் பாத்திரத்தை ஏற்றி நீண்ட நேரம் எரித்தால் சிவந்து வளைய வாய்ப்புண்டு. தீயும் காற்றில் அலையும். 70, 80 கிராம் வகையில், பர்னரின் விளிம்பு உயர்ந்து தீ உள்ளே குழிந்து எரிவதும், தாங்கிகள் அகலமாக விரிவதும் உண்டு. கூடுதல் 50 கிராம் என்று தயங்க வேண்டாம். காற்றில் லிட்டருக்கு 5 கிராம் கேஸ் கூடுதலாகப் போனால் 10 லிட்டரில் அந்த 50 கிராமும் எரிந்துபோய்விடும்.

காற்றைத் தடுக்கிறேன் என்று கேன் மேல் நிற்கும் அடுப்பைத் தகட்டால் முழுக்கச் சுற்றி மூடுவது உயிருக்கு ஆபத்து. சூடு கேனுக்குத் திரும்பும். ஒரு பக்கம் மட்டும், காற்று வரும் திசையில் பாறையையோ பையையோ ஒரு முழம் தள்ளி வையுங்கள். அவ்வப்போது கேனைத் தொட்டுப் பாருங்கள், கை சுடக்கூடாது. முழுத் தடுப்பு வேண்டுமென்றால் குழாய் வைத்துக் கேனைத் தள்ளி வைக்கும் அடுப்பு வாங்க வேண்டும். கேஸைத் தீயருகே ஓடவிட்டு முன்சூடாக்கும் குழாய் உள்ள வகை என்றால் கேனைத் தலைகீழாகத் திருப்பிக் குளிரிலும் எரிக்கலாம்.

பாத்திரமும் அடுப்பும் ஒன்றாகப் பூட்டும் வகை லிட்டருக்கு 10, 11 கிராமில் கொதிக்கவைக்கும். எடை 370 கிராமுக்கு மேல். தனி அடுப்பும் பாத்திரமும் சேர்ந்து 200 கிராமில் முடியும். லிட்டருக்கு 4 கிராம் மிச்சம் பிடித்து அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட 40 லிட்டர் கொதிக்க வேண்டும். நாலு நாள் நடைக்கு அது ஆகாது. பனியை உருக்கிக் குடிக்கும் பயணத்துக்கு ஆகும், ஏனென்றால் பனியை உருக்கிக் கொதிக்கவைக்க, தண்ணீரைக் கொதிக்கவைப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேஸ் வேண்டும்.

நம் வீடுகளில் இருந்த பம்ப் ஸ்டவ்வின் சிறிய தம்பிதான் மண்ணெண்ணெய், பெட்ரோல் மலை அடுப்பு. அதே முன்சூடு, அதே பின் குத்தல், அதே வாஷர் தொல்லை. கடுங்குளிரில் இதற்கு நிகரில்லை. குறுகிய நடைக்குச் சுமை.

பட்டனை அமுக்கினால் பற்றும் அடுப்பை நம்பித் தீப்பெட்டியை விட்டுவிடாதீர்கள். உயரத்திலும் ஈரத்திலும் அந்தப் பொறி முதலில் காலை வாரும். சிவகாசித் தீப்பெட்டி இரண்டை, தனித்தனியாக, நீர் புகாத உறையில் வையுங்கள்.

எவ்வளவு குளிரானாலும் மூடிய டென்ட்டுக்குள் அடுப்பு வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தலைவலியும் குமட்டலும் வரும்போது உயர நோய் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள், எழமாட்டார்கள்.

கிளம்புமுன் ஒரு சோதனை

மணாலியில் கேன் வாங்கியதும் முதல் முகாமுக்கு முன்பே அடுப்பை மாட்டிப் பாருங்கள். அடுப்பின் வால்வு மூடியிருக்கட்டும், ரப்பர் வளையம் விரிசல் விடாமல் இருக்கட்டும். கேனை நேராகப் பிடித்துக் கையால் மட்டும் திருகுங்கள். 'ஸ்ஸ்' என்று ஒரு கணம் சீறி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கழற்றுங்கள். மாட்டிய இடத்தில் சோப்பு நீர் தடவி, குமிழி வராததைப் பார்த்த பிறகு பற்றவையுங்கள்.

எடை பார்க்கும் கருவி கிடைத்தால் கேனை எடைபோட்டு, அரை லிட்டர் தண்ணீரை உங்கள் பாத்திரத்தில் மூடி போட்டுக் கொதிக்கவைத்து, மறுபடி எடைபோடுங்கள். 7, 8 கிராம் குறைந்திருந்தால் நல்ல பொருத்தம். 12க்கு மேல் என்றால் தீ பாத்திரத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே போகிறது, வால்வைக் குறைத்து மறுபடி பாருங்கள். கிடைத்த எண்ணை, ஒரு நாளைக்கு எத்தனை அரை லிட்டர் கொதிக்கவைப்பீர்களோ அதனால் பெருக்கி, நாட்களால் பெருக்கி, காற்றுக்காகக் கால் பங்கு கூட்டினால் எத்தனை கிராம் கேஸ், அதற்கு எத்தனை கேன் என்பது வந்துவிடும். மலையில் தராசு இல்லாதபோது கேனைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நீர்மட்டம் தொடும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேஸ் குறையக் குறையக் கேன் மேலே எழும்பும், கோடு நீருக்கு மேலே ஏறிக்கொண்டே போகும்.