ஆங்கிலத்தில் ஆட்களைப் பற்றி எழுதும்போது ‘ஹூ’வை அடுத்து வரும் செயப்பாட்டுவினை

கொழும்பில் தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு, அலுவலகங்களில் ஆங்கிலத்தில் கடிதமும் அறிவித்தலும் எழுத வேண்டிய நிலையில் இருப்பவர்களிடம் ஒரு பிழை அடிக்கடி காணப்படுகிறது. நேர்முகப் பரீட்சைக்குத் தெரிவு செய்யப்பட்ட விண்ணப்பதாரிகள் என்று சொல்ல எண்ணி, ‘த அப்ளிகன்ட்ஸ் ஹூ செலெக்டட் ஃபோர் த இன்டர்வியூ’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலம் அறிந்தவர் இதைப் படிக்கும்போது, அந்த விண்ணப்பதாரிகளே எவரையோ தெரிவு செய்ததாகத்தான் முதலில் விளங்கிக்கொள்வார். ‘ஹூ வேர் செலெக்டட்’ என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும். ‘வேர்’ என்ற சிறு சொல் விடுபட்டதால், தெரிவு செய்யப்பட்டவர்கள் தெரிவு செய்தவர்களாகிவிட்டார்கள்.

இதற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல என்பது என் உறுதியான கருத்து. பேச்சுத் தமிழில் ‘செலெக்ட் பண்ணின பிள்ளைகள்’ என்கிறோம். பிள்ளைகள் தெரிவு செய்தார்களா, தெரிவு செய்யப்பட்டார்களா என்பதை இடம் பார்த்துக் கேட்பவர் புரிந்துகொள்கிறார். எழுத்துத் தமிழிலும் பெயரெச்சம் தானாக அதைச் சொல்லிவிடுவதில்லை. ‘அதிபர் பாராட்டிய மாணவி’, ‘அதிபரைப் பாராட்டிய மாணவி’ ஆகிய இரண்டிலும் ‘பாராட்டிய’ என்ற எச்சம் ஒன்றுதான். யார் யாரைப் பாராட்டினார் என்பதை ‘ஐ’ உருபே காட்டுகிறது. ஆங்கிலத்தில் அத்தகைய உருபு பெயருடன் ஒட்டி வருவதில்லை. அங்கே இந்த வேறுபாட்டைச் சொற்களின் வரிசையும் வினையின் வடிவமுமே சுமக்கின்றன என்பதால், வினையில் ஒரு சொல் குறைந்தாலும் பொருள் மாறிவிடுகிறது.

ஆகவே ஆங்கில வாக்கியத்தைத் தொடங்குமுன், சொல்ல வந்ததை மனத்துக்குள் இரண்டு தமிழ் வாக்கியங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘விண்ணப்பதாரிகள் தெரிவு செய்யப்பட்டார்கள். அவர்கள் வியாழக்கிழமை வர வேண்டும்.’ இப்போது முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்து, இந்த ஆள் செயலைச் செய்தாரா, அல்லது செயல் இவர்மீது நிகழ்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள். செயல் அவர்மீது நிகழ்ந்திருந்தால், ‘ஹூ’வுக்கும் முதன்மை வினைக்கும் இடையே ‘வாஸ்’, ‘வேர்’, ‘ஆர்’ போன்ற ‘பீ’ வினையின் வடிவம் ஒன்று வந்தே ஆக வேண்டும். முதன்மை வினையும் ‘செலெக்டட்’, ‘சோஸன்’, ‘கிவன்’ போன்ற மூன்றாம் வடிவத்தில் இருக்க வேண்டும். ‘ஹூ வாஸ் சோஸ்’ என்று இரண்டாம் வடிவத்தை எழுதுவது பிழை.

எந்த ‘பீ’ வடிவம் என்பதைக் காலமும் எண்ணும் தீர்மானிக்கின்றன. ஒருவர் என்றால் ‘ஹூ வாஸ் அரஸ்டட்’, பலர் என்றால் ‘ஹூ வேர் அரஸ்டட்’. தேசிய வைத்தியசாலையில் இப்போது சிகிச்சை பெற்று வருபவர்களை ‘பேஷன்ட்ஸ் ஹூ ஆர் பீயிங் ட்ரீட்டட்’ என்றும், ஏற்கெனவே இடமாற்றம் பெற்ற அலுவலரை ‘த ஒஃபிஸர் ஹூ ஹேஸ் பீன் ட்ரான்ஸ்ஃபேர்ட்’ என்றும் எழுதலாம். ‘ஹூ’ இங்கே எழுவாயாக நிற்பதால், கூடுதல் மரியாதை என்று எண்ணி அதை ‘ஹூம்’ ஆக்கக் கூடாது.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எளிதில் தவறிப்போகும் வினைகள் இரண்டு உண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசையில் தவறுகின்றன. ‘பிறந்த’ என்பது தமிழில் செய்வினை, ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹூ வாஸ் போர்ன்’ என்று செயப்பாட்டு வடிவத்திலேயே சொல்ல வேண்டும். இறப்பதைக் குறிக்கும் ‘டை’ என்ற வினைக்கோ செயப்படுபொருள் இல்லாததால் செயப்பாட்டு வடிவமும் இல்லை. ‘ஹூ வாஸ் டைட்’ என்பது ஒருபோதும் சரியாகாது. சேர் பொன்னம்பலம் இராமநாதனைப் பற்றி ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்போம்: ‘இராமநாதன், ஹூ வாஸ் போர்ன் இன் கொலம்போ இன் 1851 அன்ட் வாஸ் எலெக்டட் டு த லெஜிஸ்லேட்டிவ் கவுன்ஸில் இன் 1911, டைட் இன் 1930.’ பிறந்ததும் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானதும் ‘வாஸ்’ பெற்றுள்ளன, இறந்தது பெறவில்லை. பெயரே ஆளை அடையாளம் காட்டிவிட்டதால் இருபுறமும் காற்புள்ளி வந்திருப்பதையும் கவனியுங்கள். எந்த ஆள் என்பதை ‘ஹூ’ பகுதிதான் அடையாளம் காட்டுகிறது என்றால் காற்புள்ளி கூடாது.

கொடுத்தல், அனுப்புதல் போன்ற வினைகளில் இன்னும் நிதானம் தேவை. ‘பரிசு வழங்கப்பட்ட மாணவி’ என்பதை ‘த கேர்ள் ஹூ வாஸ் கிவன் த ப்ரைஸ்’ என்று எழுதலாம். பெற்றவரையே எழுவாயாக்க ஆங்கிலம் இடம் தருகிறது. ஆனால் ‘கடிதம் அனுப்பப்பட்ட நபர்’ என்பதில் கடிதத்தை எழுவாயாக வைத்திருந்தால், ‘த பேர்ஸன் ஹூ த லெட்டர் வாஸ் சென்ட்’ என்று நிறுத்திவிட முடியாது. ‘த பேர்ஸன் டு ஹூம் த லெட்டர் வாஸ் சென்ட்’ என்று, தமிழில் மறைந்து நின்ற ‘கு’ உருபை ‘டு’ என்ற சொல்லால் வெளியே கொண்டுவர வேண்டும். ‘கடவுச்சீட்டு திருடப்பட்ட பயணி’யில் மறைந்திருப்பது உடைமை, ஆகவே ‘த பாஸஞ்சர் ஹூஸ் பாஸ்போர்ட் வாஸ் ஸ்டோலன்’.

செய்தவரை ‘பை’ போட்டுச் சொல்வது, அவர் யார் என்பது வாசகருக்குப் பயன்படும்போது மட்டுமே. கைது செய்தவர்கள் பொலிஸார் என்பது எவருக்கும் தெரியுமென்றால் ‘பை த பொலிஸ்’ வேண்டியதில்லை.

இறுதியாக, சுருக்கி எழுதும் முறை. ‘ஹூ வேர் செலெக்டட்’ என்பதில் ‘ஹூ’வையும் ‘வேர்’ஐயும் சேர்த்து நீக்கி, ‘த அப்ளிகன்ட்ஸ் செலெக்டட் ஃபோர் த இன்டர்வியூ’ என்று எழுதலாம். இரண்டையும் நீக்க வேண்டும், அல்லது இரண்டையும் வைத்திருக்க வேண்டும். ‘ஹூ’வை மட்டும் வைத்துக்கொள்வதால்தான் தொடக்கத்தில் சொன்ன பிழை பிறக்கிறது. நிகழ இருப்பதைச் சுருக்கும்போது ‘ஹூ வில் பீ இன்டர்வியூட்’ என்பது ‘டு பீ இன்டர்வியூட்’ ஆகும். எனினும் எல்லா இடத்திலும் சுருக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ‘த டீச்சர்ஸ் ட்ரெயின்ட் இன் கொலம்போ நவ் டீச் இன் பதுளை’ என்ற வாக்கியத்தில், ‘ட்ரெயின்ட்’ என்ற சொல்லையே வாக்கியத்தின் பயனிலையாக எடுத்துக்கொண்டு வாசகர் மேலே படித்துக்கொண்டு போவார். ‘டீச்’ வந்த பிறகு தடுமாறித் திரும்பி வந்து மீண்டும் படிப்பார். இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாக இருக்கும் வினைகளில் இந்த இடர் உண்டு. அவ்விடங்களில் ‘ஹூ வேர்’ என்ற இரு சொற்களையும் விடாமல் எழுதுங்கள்.