ஏறும்போது புகை இல்லை, இறங்கும்போது புகை: அம்பாசடருக்கு வால்வ் சீல் மாற்றிய கதை

எங்கள் வீட்டு அம்பாசடர் 1986 மாடல். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். அப்பா சேலத்தில் டாக்சி ஓட்டிய வண்டி. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. மீட்டர் கேபிள் அறுந்து கிடந்த மாதங்களில் ஓடியதெல்லாம் கணக்கில் ஏறவில்லை. ஒருமுறை போர் செய்து பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றினோம். அப்போது சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உட்காரும் ஹெட்டை மட்டும் "இது நல்லாத்தான் இருக்கு" என்று துடைத்துத் திரும்பப் பூட்டிவிட்டார்கள்.

அந்த ஹெட் போன வருடம் தன் வேலையைக் காட்டியது. ஏற்காட்டிலிருந்து இரண்டாவது கியரில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே இல்லை, நீலப் புகைதான். "ஏம்மா, பின்னாடி வர்றவன் உயிரோட இருக்கானா பாரு" என்றார் அப்பா.

இதில் கவனிக்க வேண்டியது, ஏறும்போது துளி புகை கிடையாது. ரிங் தேய்ந்த வண்டி இழுக்கும்போது புகைக்கும். வால்வ் சீல், அதாவது வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர், போன வண்டி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து நெடுந்தூரம் இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது புகைக்கும். காற்றை விடும் த்ராட்டில் மூடியிருக்க, பிஸ்டன் கீழே இறங்கி இழுக்கும் இழுப்புக்குக் காற்று கிடைக்காது. சிலிண்டருக்குக் காற்று போகும் மேனிபோல்டுக்குள் வெற்றிடம் கூடும். அந்த உறிஞ்சலில், வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் பக்கம் தெறிக்கும் ஆயில் இன்லெட் வால்வின் தண்டு வழியாக, தண்டு ஓடும் குழலான கைடின் இடுக்கில் இறங்கிவிடும். மிதித்ததும் சேர்ந்ததெல்லாம் எரியும். ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு குப்பென்று புகை வந்து நின்றுவிட்டால் அதுவும் அநேகமாக சீல்தான்.

சீல் என்று முடிவு கட்டும் முன் மூன்று சோதனை செய்தேன். செலவில்லாததை முதலில் செய்வது நல்லது. ராக்கர் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தேன். அது அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் குடிக்கும். எங்களுடையது சுத்தமாக இருந்தது. அடுத்து நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தேன். மூன்றாவது மட்டும் மை தடவியதுபோல் ஈரக் கறுப்பு. கடைசியாக, சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்பிரஷன் கேஜ். வண்டி சூடாக இருக்கும்போது, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டராகப் பார்க்க வேண்டும். நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தால் அளவு குபுக்கென்று ஏறக்கூடாது. ஏறினால் ரிங் போயிருக்கிறது, சீல் மாற்றிப் பயனில்லை. எங்களுக்கு ஏறவில்லை.

அப்புறம்தான் சீல் வாங்கப் போனேன். இந்த இன்ஜினில் பழைய வகைச் சீல் ஒரு சின்ன ரப்பர் வளையம், அவ்வளவுதான். இப்போதைய கார்களில் இருப்பதுபோல கைடின் தலையில் தொப்பி மாதிரி உட்காராது. வால்வ் தண்டிலேயே, லாக் (ஸ்பிரிங் கேப்பைத் தண்டில் பிடித்து நிறுத்தும் இரண்டு சின்னத் துண்டு) உட்காரும் பள்ளத்துக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். பல கை மாறிய வண்டியில் யார் எந்த ஹெட்டைப் பூட்டினார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே ராக்கர் கவரைத் திறந்து, ஒரு வால்வைக் கழற்றிப் பார்த்து, பழைய சீலைக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். எட்டு வேண்டும். இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றாவது உருண்டு ஓடும். ராக்கர் கவர் பேக்கிங்கும் புதிது வேண்டும்.

ஹெட்டை இறக்காமலே இதைச் செய்யலாம். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ராக்கர் ஷாப்டைத் தாங்கும் நான்கு கால்களிலும் ஒரு சின்ன நட்டும் ஒரு பெரிய நட்டும் இருக்கும். பெரியது ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் நட்டு. அந்த நான்கை மட்டும் லூஸ் செய்தால் ஹெட் ஒரு பக்கம் வளையும், பேக்கிங் வழியாகத் தண்ணீர் இறங்கும். அதனால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, ஹெட் நட்டுகள் எல்லாவற்றையும் வரிசைப்படி, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஹெட் பேக்கிங் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தால் இந்தக் குறுக்கு வழியே வேண்டாம், ஹெட்டை இறக்கிவிடுங்கள்.

ராக்கர் ஷாப்டைத் தூக்கும்போது ராக்கரைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடுகள் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். ஒவ்வொன்றையும் லேசாகத் திருகி விடுவித்த பிறகு தூக்குங்கள். ஓர் அட்டைப் பெட்டி மூடியில் எட்டு ஓட்டை போட்டு, எண் எழுதி, அதே வரிசையில் குத்தி வைத்தேன். எது எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும்.

ராக்கர் இல்லாவிட்டால் எட்டு வால்வும் மூடியே இருக்கும். ஸ்பிரிங்கை அழுத்தும்போது வால்வ் கீழே இறங்காமல் தாங்க ஏதாவது வேண்டும். பட்டறைகளில் பிளக் துளை வழியாகக் காற்றடிப்பார்கள். எங்களிடம் கம்பிரசர் இல்லை. கயிறு போதும்: 6 அல்லது 7 மில்லிமீட்டர் நைலான் கயிறு, இரண்டு மீட்டர், முனையை நெருப்பில் காட்டி உருக்கியது. நியூட்ரலில் போட்டு, அப்பா ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைச் சுற்ற, நான் ஒன்றாவது பிளக் துளையில் விரலை வைத்தேன். விரலைக் காற்று தள்ள ஆரம்பித்தால் பிஸ்டன் அடியிலிருந்து ஏறத் தொடங்கிவிட்டது. அங்கே நிறுத்தி, ஒன்றரை மீட்டர் கயிற்றை உள்ளே திணித்தேன். மீதி வெளியே தொங்க வேண்டும், முடிச்சுப் போட்டு விடுங்கள். பிறகு ஹேண்டில் இறுகி நிற்கும் வரை மெதுவாகச் சுற்றினால் கயிறு பந்துபோல் சுருண்டு வால்வைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளும். பிஸ்டன் பின்வாங்காமல் இருக்க டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஹேண்டிலைக் கழற்றி வைத்தோம்.

ஸ்பிரிங் அழுத்த லேத்துப் பட்டறையில் ஒரு லீவர் செய்து வாங்கினேன். ஒரு முனை ராக்கர் ஸ்டட்டில் மாட்டும், நடுவில் கவட்டை மாதிரி இரண்டு கால் ஸ்பிரிங் கேப்பை அழுத்தும். அழுத்தும் முன் கேப்பின் மேல் ஒரு பாக்ஸ் ஸ்பானரை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் வருடக்கணக்காக ஒட்டிய லாக் விடும். லாக்கைச் சுற்றி மெல்லிய வளையக் கிளிப் இருந்தால் அதை முதலில் எடுங்கள். அழுத்தியதும் காந்தத்தால் இரண்டு லாக்கையும் எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். புஷ் ராடு துளைகளைத் துணியால் அடைக்காமல் வேலையை ஆரம்பித்தேன். இரண்டாவது வால்விலேயே ஒரு லாக் துள்ளி, துளைக்குள் 'ணங்'கென்று போய்விட்டது. மேனிபோல்டைக் கழற்றி, இன்ஜின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, காந்தத்தை விட்டுத் துழாவி எடுத்தபோது மதியம் மூன்று மணி. அப்பா ஒன்றும் சொல்லாமல் தன் பழைய துண்டைக் கிழித்து எட்டுத் துணுக்காக நீட்டினார்.

பழைய சீல்கள் கரி மாதிரி இருந்தன. நகத்தால் அழுத்தினால் வளையவில்லை, படக்கென்று உடைந்தன. ஆறாவது வால்வில் சீலே இல்லை. முன்னாலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்சாஸ்ட். 2, 3, 6, 7 இன்லெட். ஆறாவது மூன்றாம் சிலிண்டரின் இன்லெட். மூன்றாவது பிளக் ஏன் கறுத்தது என்று அப்போதுதான் விளங்கியது.

ஸ்பிரிங் வெளியே இருக்கும்போதே கைடைப் பாருங்கள். வால்வ் தண்டில் ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றிவிட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, டாப் கியரிலேயே வண்டியைச் சற்றுப் பின்னால் தள்ளி, வால்வை லேசாக இறக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் கைடு தேய்ந்திருக்கிறது. புதுச் சீல் போட்டாலும் சில மாதத்தில் அதே புகை வரும். ரப்பர் பேண்டை எடுக்க மறக்காதீர்கள்.

பூட்டும்போது வரிசை முக்கியம். சீல்களைக் காலையிலேயே சுத்தமான இன்ஜின் ஆயிலில் ஊறப் போட்டிருந்தேன். ஊறியது வழுக்கிக்கொண்டு உட்காரும். ஸ்பிரிங், கேப் இரண்டையும் வைத்து முதலில் அழுத்துங்கள். அழுத்தியபடியே சீலைத் தண்டில் இறக்கி, லாக் பள்ளத்துக்குக் கீழே நிறுத்துங்கள். அதற்குப் பிறகு லாக். சீலை முதலில் மாட்டிவிட்டுக் கேப்பை அதன்மேல் திணித்தால் அது கிழியும், அல்லது இடம் மாறும். லாக்கின் உள்பக்கம் துளி கிரீஸ் தடவினால் ஒட்டி நிற்கும். லீவரை விட்டபின் தண்டின் தலையில் பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு தட்டு. ஒன்றாவதும் நான்காவதும் பிஸ்டன் ஒரே உயரத்தில் நிற்கும், இரண்டும் மூன்றும் அப்படியே. இரண்டு கயிறு இருந்தால் ஜோடியாகச் செய்யலாம்.

புஷ் ராடுகளைப் போட்டு, அட்ஜஸ்டர்களைத் தளர்த்திவிட்டு ராக்கரை இறக்குங்கள். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டில் உள்ள அளவுக்கு, டார்க் ரெஞ்சால் இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். கைக்கணக்கு இங்கே வேண்டாம்.

டேப்பட் வைக்க, அதாவது ராக்கருக்கும் வால்வ் தண்டுக்கும் நடுவே இடைவெளி வைக்க, அப்பா சொல்லிக்கொடுத்த ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய். ஆறு திறந்தால் மூன்று, நான்கு திறந்தால் ஐந்து. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். நான் எங்கள் வண்டிக்கு வைத்தது 0.015 அங்குலம், பட்டறையில் 15 தௌ என்பார்கள். உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்து வையுங்கள்.

தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் புகை வந்தால் பயப்படாதீர்கள். சைலன்சரில் தேங்கிய பழைய ஆயில் எரிந்து தீர ஓரிரண்டு நாள் ஓட்டம் பிடிக்கும். ஒருமுறை சூடேறி ஆறியபின் ஹெட் நட்டுகளையும் டேப்பட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டு நட்டு இன்னும் கொஞ்சம் இறுகின.

முன்பு 400 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. இப்போது 1,500க்கு மேல் ஓடியும் டிப் ஸ்டிக்கில் அரை லிட்டர்தான் இறங்கியிருக்கிறது. ஏழாவது வால்வ் கைடு மட்டும் ரொம்ப லேசாக ஆடியது. அதை ராக்கர் கவரின் உள்பக்கம் சாக்பீசால் எழுதினேன். "ஆயில்ல அழிஞ்சிடும், கரண்ட் பில் அட்டைல எழுது" என்றார் அப்பா. எழுதி வைத்திருக்கிறேன்.