பணிநீக்க ஆணையை மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் எதிர்ப்பது எப்படி?

சேலம் கோட்டத்து ரயில்வே ஊழியரோ, அஞ்சல் துறை ஊழியரோ, ஏற்காடு மலைக் கிராமமொன்றின் கிளை அஞ்சலகத்தை நடத்தும் கிராமிய டாக் சேவக்கோ பணிநீக்கம் செய்யப்பட்டால், அவர் அணுக வேண்டிய மன்றம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு ஆகும். மாநில அரசு ஊழியருக்கு இப்போது தனித் தீர்ப்பாயம் கிடையாது. அவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்ய வேண்டும். அரசுப் பேருந்து ஓட்டுநர், நடத்துநர் ஆகியோருக்குத் தொழிலாளர் சட்ட வழி உண்டு. பொதுத்துறை நிறுவன ஊழியராயின், 1985-ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14(2) பிரிவின்கீழ் அந்நிறுவனம் இத்தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வருவதாக அறிவிக்கை செய்யப்பட்டுள்ளதா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆணை கைக்கு வந்தவுடன் தீர்ப்பாயத்துக்கு ஓடுவதில் பயனில்லை. துறைக்குள் உள்ள மேல்முறையீட்டை முடிக்காமல் வரும் விண்ணப்பத்தைத் தீர்ப்பாயம் சாதாரணமாக ஏற்பதில்லை என்று அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. ரயில்வே ஊழியருக்கும் 1965-ஆம் ஆண்டு மத்தியக் குடிமைப் பணி (வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீடு) விதிகளுக்கு உட்பட்ட மத்திய ஊழியருக்கும் மேல்முறையீட்டுக் கெடு 45 நாள். கிராமிய டாக் சேவக்குகளுக்குத் தனி விதிகள் இருப்பதால் அவற்றிலுள்ள கெடுவைப் பார்க்க வேண்டும். மேல்முறையீட்டில் இறுதி ஆணை வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், ஆறு மாதமாகியும் பதிலே வராவிட்டால் அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டுக்குள், தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ‘கருணை மனு போட்டிருக்கிறேன், பதில் வரட்டும்’ என்று காத்திருந்து காலத்தைக் கோட்டைவிடுபவர்கள் ஏராளம். சட்டத்தில் இடமில்லாத மனுக்களை அடுத்தடுத்து அனுப்புவதால் கெடு நீளாது என்று 1989-இல் எஸ்.எஸ். ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

மேல்முறையீட்டை வெறும் சடங்காக எண்ணக் கூடாது. வழக்கின் அடித்தளமே அதுதான். தீர்ப்பாயம் சாட்சியத்தை மறுபடி எடைபோடுவதில்லை. விசாரணை முறைப்படி நடந்ததா, முடிவுக்குச் சாட்சியம் ஏதேனும் உண்டா, தண்டனை குற்றத்துக்குப் பொருந்தாத அளவுக்குக் கடுமையானதா என்பவற்றையே பார்க்கிறது. எடுத்துக்காட்டாக, ஆர்.டி. (மாதந்தோறும் கட்டும் தொடர் வைப்பு) பணத்தைப் பாஸ் புத்தகத்தில் பதிந்துவிட்டு அலுவலகக் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒரு கிளை அஞ்சலக ஊழியர்மீது குற்றச்சாட்டு வந்ததாகக் கொள்வோம். முதற்கட்ட விசாரணையில் வாக்குமூலம் கொடுத்த வைப்பாளரை விசாரணைக்கு அழைக்காமல் அந்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து முடிவெடுத்தார்களா? அவரைக் குறுக்கு விசாரணை செய்ய ஊழியர் எழுத்து மூலம் கேட்டாரா? கேட்ட பாஸ் புத்தகமும் பதிவேடும் காட்டப்பட்டனவா? விசாரணை அறிக்கையின் நகல் தண்டனைக்கு முன் தரப்பட்டதா? நியமித்த அதிகாரியைவிடக் கீழ்நிலை அதிகாரி ஆணையிட்டாரா? இவற்றில் எந்தக் குறை நேர்ந்திருந்தாலும் தேதியுடன் மேல்முறையீட்டிலேயே எழுதிவிட வேண்டும். அறிக்கை நகல் தராததை மட்டும் சொன்னால் போதாது. அதனால் தமக்கு என்ன பாதகம் விளைந்தது என்பதையும் காட்ட வேண்டும் என்பது 1993-ஆம் ஆண்டு கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் நிலை. கையில் இல்லாத ஆவணங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உடனே மனுச் செய்யலாம்.

விண்ணப்பத்தை இரு தொகுப்புகளாக அமைக்க வேண்டும்: விண்ணப்பமும் எதிர்க்கப்படும் ஆணையும் ஒன்றில், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, பதில், விசாரணை நடவடிக்கைகள், மேல்முறையீடு ஆகியவை மற்றொன்றில். கட்டணம் 50 ரூபாய். காலதாமதமாகியிருந்தால் அதை மன்னிக்கக் கோரும் தனி மனுவில் காரணத்தைச் சான்றுடன் விளக்க வேண்டும். ஊழியர் தாமே வாதாடச் சட்டம் இடம் தந்தாலும், பணிநீக்க வழக்கில் வழக்கறிஞர் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. பெண்களும் பட்டியல் இனத்தவரும், சேர்வராயன் மலைவாழ் மலையாளிகள் உள்ளிட்ட பழங்குடியினரும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி பெறலாம். அதற்கு முதலில் சேலம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம்.

வென்றாலும் மறுநாளே பழைய நாற்காலி கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நடைமுறைக் குறைக்காக ஆணை ரத்தானால், குறை நேர்ந்த கட்டத்திலிருந்து விசாரணையை மீண்டும் நடத்தத் தீர்ப்பாயம் அனுமதிப்பதே வழக்கம். அதுவரை ஊழியரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கவும், நிலுவைச் சம்பளத்தைப் பிறகு தீர்மானிக்கவும் துறைக்கு வாய்ப்புண்டு. தோற்றவர், உச்ச நீதிமன்றத்தின் 1997-ஆம் ஆண்டு சந்திரகுமார் தீர்ப்பின்படி, சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வை நாடலாம்.